மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு ஃபிலிமா, பிளைண்டா, ஸ்மார்ட் கிளாஸா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். காரைக்குடிப் பக்கம் பூர்வீக வீடு. முகப்பை ஒட்டிய தெருப்பக்க அறைக்குக் கண்ணாடி போட்டு, ஏசி வைத்து, உட்கார்ந்து வேலை பார்க்கும் அறையாக்கியிருக்கிறீர்கள். மேற்குப் பார்த்த இரண்டு ஜன்னல், ஒவ்வொன்றும் 4க்கு 5 அடி. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், எதிர் வீட்டு மாடியிலிருந்தும் தெரிகிறது, சாயங்காலம் வெயில் முகத்தில் அடிக்கிறது. கடைக்காரர் கண்ணாடியில் ஒட்டும் ஒன்வே ஃபிலிம் போதும் என்கிறார், மகன் கரண்டில் தெளிந்து மறையும் ஸ்மார்ட் கிளாஸ் என்கிறார், அப்பத்தா தட்டி கட்டினால் போதும் என்கிறார்கள். மூன்றில் எது, இல்லை உள்ளே தொங்கவிடும் திரையான பிளைண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன: வெளிச்சம், வெக்கை, பகலில் மறைவு, இரவில் மறைவு. நான்கையும் ஒரே பொருள் தீர்க்காது. அதனால் எந்தப் பொருள் என்று தொடங்காமல், எந்த நேரத்தில் யார் எங்கிருந்து பார்க்கிறார் என்று தொடங்குவோம்.

முதலில் ஒன்வே ஃபிலிம். அதன் பெயரே தவறு. ஒரு பக்கமாக மட்டும் பார்க்கவிடுகிற கண்ணாடி என்று உலகத்தில் எதுவும் கிடையாது. அந்த ஃபிலிமில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். விழுகிற ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும், ஒரு பகுதியை உள்ளே விடும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். பகலில் தெருவில் பல்லாயிரம் லக்ஸ் வெளிச்சம், அறைக்குள் 200, 300 லக்ஸ். வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெருவின் பிரதிபலிப்பு அறையை மூழ்கடித்துவிடுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். இரவு 7 மணிக்கு நீங்கள் டியூப்லைட் போட்டதும் கணக்கு தலைகீழாகும்: உள்ளே 200 லக்ஸ், தெருவிளக்கில் 10, 15 லக்ஸ். இப்போது தெருவில் போகிறவருக்கு நீங்கள் தெளிவாகத் தெரிவீர்கள். உங்களுக்கோ கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் இருப்பதால், ஃபிலிமே இல்லாததைவிட இது மோசம். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் இதை மாற்றாது. வெளியே பார்க்க முடிகிற எந்த ஃபிலிமும், சுருட்டி இறக்கும் ரோலர் பிளைண்டில் வரும் சல்லடைத் துணியும், கறுப்புக் கொசுவலையும் எல்லாம் இதே விதிக்குக் கட்டுப்பட்டவை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிலிம் வேலை செய்வது ஜன்னல் மூடியிருக்கும்போது மட்டும். நம் பக்கத்து வீடுகளில் சாயங்காலம் காற்றுக்காக ஜன்னலைத் திறக்கிறோம். கரண்ட் போனாலும் திறக்கிறோம். மறைவு அதிகம் தேவைப்படும் நேரமும் அதுதான். திறந்த ஜன்னலுக்கும் சேர்த்து மறைவு வேண்டும் என்றால் ஃபிலிம் என்ற பேச்சே பாதிதான் பொருந்தும்.

அடுத்து வெக்கை. காரைக்குடி வட அட்சரேகை 10 டிகிரிக்கு ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் நடுவில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வரும். அதனால் தெற்கும் வடக்கும் பார்த்த ஜன்னலுக்குச் சிறு சன்ஷேடே போதும். மேற்கு அப்படி இல்லை. ஏப்ரலில் 4 மணிக்குச் சூரியன் தரையிலிருந்து சுமார் 35 டிகிரி உயரம், 5 மணிக்குச் சுமார் 20 டிகிரி. ஜன்னலின் தலையை ஒட்டி 2 அடி நீட்டிய சன்ஷேட் இருந்தால் 4 மணிக்கு மேலே 1.4 அடிக்கு நிழல் விழும், 5 மணிக்கு முக்கால் அடிக்கும் குறைவாக. மீதிக் கண்ணாடி முழுதும் வெயில்தான். ஒரு ஜன்னல் 20 சதுர அடி, அதாவது 1.86 சதுர மீட்டர். சாயங்கால வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுவதாக வைத்துக்கொண்டால், சாதாரண வெற்றுக் கண்ணாடி அதில் ஏறக்குறைய 85 சதவீதத்தை உள்ளே விடும்: 950 வாட். இரண்டு ஜன்னலுக்கு 1,900 வாட். ஒரு டன் ஏசி என்பது சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றுவது. ஆக உங்கள் ஏசியில் அரை டன்னுக்கு மேல் இந்த இரண்டு ஜன்னலுக்கே போகிறது. 600 என்பது தெளிந்த வானத்துக்கான என் கணிப்பு. மேகமூட்டம், எதிர் வீட்டு நிழல் எல்லாம் அதைக் குறைக்கும்.

கடையில் ஃபிலிம் பார்க்கும்போது மூன்று எண்கள் கேளுங்கள். விஎல்டி என்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எத்தனை சதவீதம் உள்ளே வரும் என்பது. எஸ்எச்ஜிசி என்பது வெயிலின் மொத்த வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பது, 0.85 என்றால் வெற்றுக் கண்ணாடி, 0.30 என்றால் நல்ல பிரதிபலிப்பு ஃபிலிம். டிஎஸ்இஆர் என்பது அதையே திருப்பிச் சொல்வது, எத்தனை சதவீதம் தடுக்கப்பட்டது என்று. இவற்றைச் சொல்லாமல் “ஐஆர் 95 சதவீதம் தடுக்கும்” என்று மட்டும் சொன்னால் காதில் வாங்காதீர்கள். அகச்சிவப்பு என்பது வெயிலின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதிதான். அதிலும் சில கம்பெனிகள் ஒரு சின்ன அலைநீள வரம்பில் மட்டும் அளந்த எண்ணை அட்டையில் போடுகின்றன. கடையில் ஒரு சூட்டு பல்பைக் காட்டி, ஃபிலிமுக்குப் பின்னால் கை வைக்கச் சொல்வார்கள். அந்த பல்பு வெளிவிடுவது பெரும்பாலும் அகச்சிவப்பு, வெயில் அப்படி அல்ல. ஃபிலிம் அந்தச் சூட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக உள்ளே விடுவதும் அரை நிமிடத்தில் கைக்குத் தெரியாது. நல்ல வேடிக்கை, அளவீடு அல்ல.

எவ்வளவு கறுப்பாகப் போடலாம்? செட்டிநாட்டு வீட்டில் சுவர் ஒன்றரை, இரண்டு அடித் தடிப்பு. ஜன்னல் அறையின் அளவுக்குப் பெரிதல்ல. 15, 20 சதவீத விஎல்டி ஃபிலிம் ஒட்டினால் பகல் 11 மணிக்கே லைட் போட வேண்டிவரும். குடியிருப்புகளில் மின்சாரச் சிக்கனத்துக்காக 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா விதிகளில், ஜன்னல் பரப்பு சுவரில் 30 சதவீதத்துக்குள் இருக்கும் கட்டடத்துக்குக் கண்ணாடியின் ஒளி ஊடுருவல் 27 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று வைத்தார்கள். பெரிய மனையில் கட்டும் புதுக் கட்டடங்களுக்கான விதி அது. உங்களைக் கட்டாயப்படுத்தாது, ஆனாலும் நல்ல அளவுகோல். கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைத்து வீட்டுக்கும் தடை உண்டோ என்று சிலர் கேட்பதுண்டு. அது வாகனங்களுக்கு மட்டும்.

ஃபிலிம் வகைகளில் சாயம் போட்ட மலிவு ஃபிலிம் வேண்டாம். மேற்கு வெயிலில் சில வருடத்தில் ஊதா நிறத்துக்குத் திரும்பி, கொப்புளம் விடும். உலோகப் பூச்சு ஃபிலிம் வெக்கையை நன்றாகத் தடுக்கும், ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் வங்கிக் கட்டடம் மாதிரிப் பளபளக்கும். தேக்கு நிலைக்கு நடுவே அது எப்படி இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உலோகத்துக்குப் பதில் பீங்கான் வகைத் துகள் கலந்த செராமிக் ஃபிலிம் விலை அதிகம், பார்வைக்குத் தெளிவு, பிரதிபலிப்பு குறைவு. 50 சதவீத அளவு விஎல்டி உள்ள செராமிக், வெக்கையைப் பாதிக்குப் பக்கமாகக் குறைக்கும். பகலிலும் மறைவு அதிகம் தராது. புற ஊதாக் கதிரை 99 சதவீதம் தடுப்பது நல்ல ஃபிலிம்கள் எல்லாவற்றுக்கும் பொது. ஆனாலும் கண்டாங்கித் துணியும் பழைய படங்களும் வெளிறுவது நிற்காது, வேகம் குறையும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சூடும்கூட நிறத்தைத் தின்னும்.

கண்ணாடி வெடிக்குமா என்று ஒருவர் உங்களைப் பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் பொய்யல்ல. ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி வெயிலை அதிகம் உறிஞ்சிச் சூடாகும். நடுப்பகுதி சூடாகி விரிய, சட்டத்துக்குள் மறைந்த ஓரம் குளிர்ந்தே இருந்தால், அந்த இழுவையில் ஓரத்திலிருந்து விரிசல் ஓடும். ஓரத்தில் ஏற்கெனவே சின்னச் சிதைவு இருந்தால் இன்னும் சீக்கிரம். கம்பி வலை பதித்த கண்ணாடி, 10 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தது, ஏற்கெனவே நிறம் உள்ளது, லேமினேட் செய்தது ஆகியவற்றில் கறுத்த ஃபிலிம் ஆபத்து. சூடேற்றி உறுதியாக்கிய டஃபண்டு கண்ணாடி இதைத் தாங்கும். உங்கள் கண்ணாடி எது என்று நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. ஓரத்தில் பொறித்த முத்திரை இருந்தால் பெரும்பாலும் டஃபண்டு. இல்லையென்றால் சாதாரணக் கண்ணாடி என்றே வைத்துக்கொண்டு, வெயிலை உறிஞ்சும் ஃபிலிமைத் தவிருங்கள்.

நிலைக்கு மேலே வளைவில் பழைய நிறக் கண்ணாடி இருந்தால் அதில் ஃபிலிம் ஒட்டவே கூடாது. நிறக் கண்ணாடி தானே வெயிலை உறிஞ்சுவது. பழைய கண்ணாடியின் மேற்பரப்பும் சமமாக இருக்காது. பிற்பாடு பசையைச் சுரண்டும்போது போனால் போனதுதான், அதே கண்ணாடி மறுபடி கிடைக்காது. அங்கே மறைவோ வெக்கைத் தடுப்போ வேண்டும் என்றால், உள்பக்கம் தனிச் சட்டத்தில் ஒரு கண்ணாடியோ அக்ரிலிக் பலகையோ போட்டு, மேலும் கீழும் கால் அங்குலம் காற்றுப் போக விட்டு, ஃபிலிமை அந்தப் பலகையில் ஒட்டுங்கள். இடைவெளி விடாமல் அடைத்தால் நடுவில் சூடு தேங்கும். ‘பின்ஹெட்’ மாதிரி சொரசொரப்பான கண்ணாடியில் சொரசொரப்புப் பக்கம் எந்த ஃபிலிமும் ஒட்டாது. மறுபக்கம் வழவழப்பாக இருந்தால் அதில் ஒட்டலாம்.

இனி ஸ்மார்ட் கிளாஸ். சந்தையில் அந்தப் பெயரில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன, கடைக்காரர்களே குழப்புகிறார்கள். ஒன்று பிடிஎல்சி. இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே திரவப் படிகத் துளிகள். கரண்ட் கொடுத்தால் துளிகள் வரிசைப்பட்டுக் கண்ணாடி தெளியும், நிறுத்தினால் கலைந்து பால் மாதிரி வெளுக்கும். சுவிட்ச் போட்ட மாத்திரத்தில் மாறும். கரண்ட் போனால் மறைவு நிலைக்கே திரும்பும் என்பது நல்ல குணம். ஆனால் இது இருட்டாக்குவதில்லை. வெளுத்த நிலையிலும் ஒளியின் பெரும்பகுதி சிதறியபடி உள்ளே வந்துவிடும், வெக்கையும் அப்படியே. மேற்கு வெயில் அதன்மேல் விழுந்தால் முழுக் கண்ணாடியும் ஒரு விளக்குப் பலகை மாதிரி ஒளிர்ந்து கண்ணைக் கூசும். தெளிந்த நிலையிலும் சாய்வாகப் பார்த்தால் லேசான மூட்டம் இருக்கும். நேர் வெயிலில் வருடக்கணக்கில் இருந்தால் மஞ்சளித்து, ஓரத்தில் பிரியும். ஓரத்தைப் புளிப்பு வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் வைத்து அடைத்தால் அந்த அமிலமே ஓரத்தை அரிக்கும். நியூட்ரல் சிலிக்கான்தான் வைக்க வேண்டும். சதுர மீட்டருக்குச் சில வாட்தான் செலவு. ஆனால் பொதுவாக 48 முதல் 65 வோல்ட் வரை மாறுதிசை மின்சாரம் தரும் தனி டிரான்ஸ்பார்மர் வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் அது ‘ங்ங்’ என்று இரைந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று எலக்ட்ரோகுரோமிக். இது உண்மையாகவே கறுக்கும் கண்ணாடி. காரைக்குடிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. ஊரிலேயே 1948இல் அடிக்கல் நாட்டி, 1953 முதல் இயங்கும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பேட்டரியில் லித்தியம் அயனி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது போலத்தான் இங்கேயும்: டங்ஸ்டன் ஆக்ஸைடு படலத்துக்குள் அயனி நுழைந்தால் நீலம் பாரித்துக் கறுக்கும், வெளியேறினால் தெளியும். பேட்டரி போலவே மெதுவாகத்தான் நடக்கும், பெரிய பலகை மாறப் பல நிமிடம் ஆகும். தெளிந்தால் 60 சதவீதம், கறுத்தால் 1 சதவீதம் என்ற அளவில் ஒளி விடும். வெக்கைக்கு இது நல்ல பொருள். ஆனால் கறுத்தாலும் ஊடுருவிப் பார்க்க முடிகிற கண்ணாடிதான். அதனால் இரவு மறைவுக்கு மேலே சொன்ன ஒன்வே விதி இதற்கும் பொருந்தும். ஆலையிலேயே அளவுக்குச் செய்து வருவது, இங்கே வெட்டவோ ஓரம் தேய்க்கவோ முடியாது. கோணல் நிலைக்கு அது ஆகாத காரியம்.

இரண்டிலும் பெரிய இடைஞ்சல் வயர். ஒவ்வொரு கதவுப் பலகைக்கும் வயர் போக வேண்டும். கீல் பக்கம் வளைந்து வளைந்து அது அறுந்துபோவது சகஜம். மறைத்துக் கொண்டுபோகச் சுவரைச் செதுக்கினால், பழைய சுண்ணாம்புப் பூச்சின் பளபளப்பில் அந்தத் தையல் காலத்துக்கும் தெரியும்; அதே பூச்சு வேலையை ஒரு முழம் நீளத்துக்கு ஒட்டுப்போட யாராலும் முடியாது. பங்காளிகளுக்குப் பொதுவான முகப்பு என்றால் அதைத் தொடும் முன் எல்லோரையும் கேட்கவும் வேண்டியிருக்கும். ஃபிலிமும் பிளைண்டும் வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். பிடிஎல்சிக்கு ஏற்ற இடம் வெளி ஜன்னல் இல்லை. வேலை அறைக்கும் வளவுக்கும் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதிக்கும்) நடுவே புதிதாக ஒரு கண்ணாடித் தடுப்பு வைக்கிறீர்கள் என்றால், அங்கே வெயிலும் கிடையாது மழையும் கிடையாது. அங்கே வைத்தால் மகன் சொன்னது சரி.

ஆக உங்கள் இரண்டு ஜன்னலுக்கு வருவோம். கணக்குக்காக, வீட்டுத் தரை தெருவிலிருந்து மூன்றரை அடி உயரம் என்று வைத்துக்கொள்கிறேன்; ஜன்னல் உள்தரையிலிருந்து 2 அடியில் தொடங்கி 7 அடியில் முடிகிறது. தெருவில் நடப்பவர் கண் மட்டம் 5 அடி, அதாவது உங்கள் தரைக்கு ஒன்றரை அடி மேலே. அவர் அண்ணாந்துதான் பார்க்கிறார். அவர் ஜன்னலிலிருந்து 8 அடி தள்ளி நிற்க, உள்தரையிலிருந்து நாலரை அடி உயரம் வரை கண்ணாடியை மங்கலாக்கினால், ஜன்னலிலிருந்து 4 அடி உள்ளே 6 அடி உயரத்துக்குக் கீழே எதுவும் அவருக்குத் தெரியாது. உள்ளே போகப்போக மறைவு கூடும். ஜன்னலின் பாதி அதுதான். பழைய ஜன்னல்களில் மேல் கதவு, கீழ்க்கதவு என்று இரண்டாகப் பிரித்து வைத்த ஆசாரி இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பிரித்தாரோ என்னவோ, கோடு அதே இடத்தில் வருகிறது. கீழ்க்கதவை மூடி மேல் கதவைத் திறந்துவைத்தால் காற்றும் வரும், மறைவும் இருக்கும், எந்தக் கடைக்கும் போக வேண்டாம்.

எதிர் மாடி வேறு கதை. அங்கே நிற்பவர் கண் தெருவிலிருந்து 15 அடி, உங்கள் தரைக்கு பதினொன்றரை அடி மேலே, 25 அடி தள்ளி. மேல்பாதிக் கண்ணாடி வழியாக, ஜன்னலிலிருந்து 8 அடி உள்ளே தரைக்கு மேல் இரண்டேகால் அடியிலிருந்து ஐந்தரை அடி வரை அவருக்குத் தெரியும். மேசையில் உட்கார்ந்திருப்பவர் முழுதாக அதற்குள் வந்துவிடுகிறார். உங்கள் அளவுகள் வேறாக இருந்தால் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

கீழ்ப்பாதிக்கு ஃப்ராஸ்டட் ஃபிலிம். ஒளியைச் சிதறவைத்து மறைப்பதால் இரவும் பகலும் ஒரே மாதிரி வேலை செய்யும், வெளிச்சத்தையும் அதிகம் தின்னாது. ஒரு குறை, இரவில் கண்ணாடியை ஒட்டி நிற்பவரின் நிழலுருவம் தெரியும். விளக்குக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஆள் வந்தால்தான் நிழல் விழும். ஆகவே விளக்கை ஜன்னல் இருக்கும் சுவரிலேயே, ஜன்னலுக்கு மேலே வைத்தால் பிரச்சினை பெரும்பாலும் தீரும். மேல்பாதிக்கு 25 மில்லிமீட்டர் அலுமினிய வெனீஷியன் பிளைண்ட், அதாவது சாய்க்கக்கூடிய படுக்கைப் பட்டைகள் அடுக்கிய திரை. பட்டைகளின் வெளி விளிம்பு தாழ்ந்தும் உள் விளிம்பு உயர்ந்தும் இருக்கும்படி சாயுங்கள். அப்போது மேலிருந்து வருகிற வெயிலும் மறையும், மாடிக்காரர் பார்வையும் மறையும், தெருவில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பட்டையில் பட்டுக் கூரைக்கு ஏறும். இதே பிளைண்டைக் கீழ்ப்பாதிக்கும் போட்டால் சிக்கல்: தெருவில் நடப்பவர் கீழிருந்து மேல்நோக்கிப் பார்ப்பதால், அவரைத் தடுக்கப் பட்டையை எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும், சாய்த்தால் வெயில் நேரே உள்ளே வரும். பாதிபாதியாகப் பிரிப்பது இதற்காகத்தான். சூரியன் மிகவும் தாழ்ந்த கடைசி ஒரு மணி நேரம் பட்டையை முழுக்க மூட வேண்டியிருக்கும், அதற்கு வழி இல்லை.

ரோலர் பிளைண்டே பிடித்திருந்தால், துணியில் துளைகளின் பரப்பு 1, 3, 5, 10 சதவீதம் என்று வரும். மேற்குக்கு 3 எடுங்கள். கறுத்த துணியில் வெளியே தெளிவாகத் தெரியும், கூச்சம் குறையும்; வெள்ளைத் துணி வெயிலைத் திருப்பி அனுப்பும். இரவுக்கு இரண்டுமே உதவாது. பின்னால் இன்னொரு கனத்த துணி வேண்டும், இரட்டை ரோலராக. மெல்லிய பட்டையும் கனத்த பட்டையும் மாறிமாறி வரும் ஸீப்ரா பிளைண்ட் மூடினாலும் பட்டைகளுக்கு நடுவே கோடுகோடாக வெளிச்சம் கசியும். படுக்கையறைக்கு அதை இருட்டுத் திரை என்று விற்றால் நம்பாதீர்கள்.

அளவு எடுப்பதில்தான் காசு வீணாகிறது. பழைய நிலைகள் நேர்ச்சதுரமாக இருப்பது அரிது. அகலத்தை மேல், நடு, கீழ் மூன்று இடத்தில் எடுத்து, குறைந்ததைக் கொடுங்கள்; மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுத்துப் பாருங்கள், அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிலைக்குள் தொங்கவிடாமல் வெளியே, சுவரில், இருபக்கமும் 3 அல்லது 4 அங்குலம் கூட்டி மாட்டுங்கள். நிலைக்குள் மாட்டும் ரோலரில் துணி மொத்த அகலத்தைவிட 30, 35 மில்லிமீட்டர் குறைவாகத்தான் இருக்கும், இருபக்கமும் கோடு தெரியும். கதவு உள்பக்கம் திறக்கும் ஜன்னலானால் பிளைண்ட் குறுக்கே நிற்கும். அப்போது ஒவ்வொரு கதவுச் சட்டத்திலும் தனித்தனியாகச் சிறிய வெனீஷியன் மாட்டி, கீழே ஆடாமல் பிடிக்கும் கிளிப் போடச் சொல்லுங்கள். தேக்கில் நேரே ஸ்க்ரூ முறுக்காதீர்கள். முதலில் சின்ன ட்ரில் துளை, பிறகு ஸ்க்ரூ, இல்லையென்றால் பழைய கட்டை பிளக்கும். குழந்தைகள் வந்துபோகும் வீடு என்றால் சங்கிலியைச் சுவரில் இழுத்துப் பிடிக்கும் கொக்கி கட்டாயம். தொங்கும் வளையத்தில் கழுத்து மாட்டும்.

ஃப்ராஸ்டட் ஃபிலிமை நீங்களே ஒட்டலாம். ரோல் பெரும்பாலும் 60 அங்குல அகலம், உங்கள் 4 அடிக்கு ஒட்டே விழாது. போர் தண்ணீரில் உப்பு இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஆர்ஓ தண்ணீர் ஒரு லிட்டருக்கு நாலைந்து சொட்டு பேபி ஷாம்பு. கண்ணாடியைப் புது பிளேடால் சுரண்டி, மூலைகளைத் தனியாகத் துடைத்து, ஃபேனை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசி அடக்கிக்கொள்ளுங்கள். கண்ணாடியையும் பசைப் பக்கத்தையும் நன்றாக நனைத்து ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்தெடுங்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்டுங்கள்; மரத்தில் ஏறி ஒட்டினால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். தண்ணீர்க் குமிழ் ஒரு மாதத்துக்குள் தானே வற்றும். தூசிக் குமிழ் வற்றாது. முதல் மாதம் துடைக்க வேண்டாம், பிறகும் அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம்.

வெக்கைக்கு அப்பத்தா சொன்னதுதான் சரி. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலை உள்ளே தொங்கும் துணி ஓரளவுதான் திருப்பி அனுப்பும். துணி சூடாகி அறைக்குள்தான் விடும். வெளியே தொங்கும் மூங்கில் தட்டி கண்ணாடிக்கு முன்னாலேயே தடுத்துவிடும், அது சூடானாலும் தெருக்காற்றில் போகும். கம்பிக்கு வெளியே, கண்ணாடியிலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளி, கீழே இரண்டு பக்கமும் கட்டும்படி மாட்டுங்கள். 3 மணிக்கு இறக்கி வெயில் போனதும் சுருட்டுங்கள். ஃப்ராஸ்டட் கண்ணாடி வெயிலில் ஒளிர்ந்து கண் கூசும் என்ற குறையும் இதில் அடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் பூஞ்சை பிடித்துக் கயிறு இற்றுவிடும், அந்த இரண்டு மாதம் கழற்றி உள்ளே வையுங்கள். தட்டி கட்டவே முடியாது என்றால் மட்டும் மேல்பாதிக்கு 50 சதவீத செராமிக். ஆனால் கறுத்த ஃபிலிமும் பாதி இறக்கிய தட்டியும் சேரவே கூடாது. பாதிக் கண்ணாடி வெயிலில், பாதி நிழலில் என்று வந்தால் முன்னே சொன்ன விரிசலுக்கு நாமே வழி செய்தது போலாகும்.

ஆர்டர் கொடுக்கும் முன் ஒவ்வொரு ஃபிலிமிலும் ஒரு ஏ4 அளவுத் துண்டு கேட்டு வாங்கி, டேப்பால் ஜன்னலில் ஒட்டி, மத்தியானம் ஒரு தடவை, இரவு 8 மணிக்கு உள்ளே லைட் போட்டு ஒருவரை நிற்கவைத்து ஒரு தடவை, தெருவில் இறங்கிப் பாருங்கள். முடிந்தால் எதிர் வீட்டுக்காரரிடமே கேட்டு அவர் மாடியிலிருந்தும் ஒரு தடவை.